மூன்று வெட்டுப் பலகை

அன்புள்ள மகனுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக உனக்கும், அறிவிப்பது யாதெனில்: இன்று காலை கிணற்றடியில் முகம் கழுவும் வேளையில், உன் தந்தைக்கு மீசை அரும்பியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவன் நானே. சாட்சி யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற எருமை கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது. ஆயினும் இந்த வருஷம் நம் ஊருக்கு வந்த மற்ற அறிவிப்புகளைவிட இது உறுதியானது என்பதால், எனக்கு வயதாகிவிட்டது, மகனுக்குப் புத்தி சொல்லும் கடமையை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்து, படிப்பகத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது பதினாறு. உனக்கு வயது இன்னும் தொடங்கவில்லை. உன் அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, பாவம், நிம்மதியாக இருக்கட்டும். நீ இதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்த ஆளாகி, சம்பளம் வாங்கி, என்னைப் பார்த்து 'உனக்கு ஒன்றும் தெரியாது அப்பா' என்று சொல்லும் நிலைக்கு வந்திருப்பாய். அவ்வளவு நாள் காத்திருந்து எழுதினால் என்ன என்று கேட்பாய். நான் பார்த்தவரை, கடிதம் எழுதுகிற வயதுக்கு வருவதற்குள் அப்பாக்கள் தாங்கள் செய்தது எல்லாம் சரிதான் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கும் அந்த நோய் வரும். வருவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். இது எங்கள் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் வரும் என்பதால் நீ பிறப்பதற்குள் ஊரே படித்து முடித்திருக்கும். அதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

சொல்லப் போவது ஒரு கடல் பசுவின் குட்டியைப் பற்றி. அதை அடைத்து வைத்ததைப் பற்றியும், திறந்து விட்டதைப் பற்றியும். அந்தத் திறப்பால்தான் நமக்கு இன்று வரை சொந்தமாக ஒரு மனை இல்லை, என் அப்பா ஊரில் இல்லை. நீ எந்த ஊரில், எந்த வாடகை வீட்டில் பிறந்தாலும், ஏன் இங்கே பிறந்தோம் என்று ஒருநாள் கேட்பாய் அல்லவா, அதற்கான பதில் இதில் இருக்கிறது.

நம் ஊர் காவிரியின் கடைமடை. கல்லணையில் புறப்படும் தண்ணீர் வழியில் உள்ள வயல்களில் எல்லாம் விருந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவ மட்டும் எங்களிடம் வரும். அதற்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, கழியைத் தாண்டினால் கடல். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு வடிகால் குட்டை, குட்டைக்கும் கழிக்கும் நடுவே ஒரு மடை. இரண்டு கல்தூண், தூணில் வெட்டிய காடி, அந்தக் காடிக்குள் மேலிருந்து இறக்கும் மூன்று பலகை. பயிர் நிற்கும் மாதங்களில் கடல் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் பலகையை இறக்குவதும், மழைத் தண்ணீர் வடிவதற்கு ஏற்றுவதும் என் அப்பா மாரிமுத்துவின் வேலை. உன் தாத்தா. அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை; தாத்தா என்று எழுதியது தெரிந்தால் அடிப்பார். மடையைக் காப்பவனுக்கு மடையன் என்று பெயர் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு மடையர்கள். அவர் தொழிலால். நான் குணத்தால்.

அந்தப் பலகைகளில் உளியால் வெட்டு போட்டிருக்கும். ஒரு வெட்டு அடியில், இரண்டு வெட்டு நடுவில், மூன்று வெட்டு மேலே. எழுத்துத் தெரியாத மனிதர் தனக்காக எழுதிக்கொண்ட எழுத்து அது. ஒவ்வொரு பலகையும் பல வருஷம் தண்ணீரில் ஊறி, அதனதன் இடத்துக்கு ஏற்றபடி உப்பியிருக்கிறது. அப்பா இறக்கினால் ஒரு சொட்டு ஒழுகாது. பண்ணையாருக்குத் தன் நிலத்தின் மேல் இருந்த பெருமையைவிட அப்பாவுக்கு அந்த ஒழுகாத மடையின் மேல் இருந்த பெருமை ஒரு பிடி அதிகம்.

பண்ணையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த வேலை வந்தாலும் 'இதைப் பண்ண யார்?' என்று கேட்பதால் அவர் பண்ணையார் ஆனார் என்பது என் ஆராய்ச்சி. எங்கள் பக்கத்தில் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வார்கள். ஒருவருக்கு எத்தனை வேலி என்றால் எவ்வளவு நிலம் என்று அர்த்தம். அடைப்புக்கும் அதே பெயர்தான், நிலத்துக்கும் அதே பெயர்தான், இதில் யார் யாரிடம் இரவல் வாங்கியது என்று தெரியவில்லை. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அவர் நிலத்தை மகன் பேரில், மருமகன் பேரில், சமையல்காரர் பேரில், இறந்துபோன பெரியப்பா பேரில் எழுதி வைத்தார். பின்னால் வந்த அந்தக் கடல் பசுக் குட்டிக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் அதன் பேரிலும் ஒரு வேலி எழுதியிருப்பார். எங்கள் தெருவே அவர் நிலத்தில்தான் இருந்தது. வாய்க்கால் கரையில் குடிசை. வாய் பேசினால் குடிசை இல்லை. கூலி கேட்டு ஒரு பருவம் அறுவடைக்குப் போகாமல் இருந்ததற்கு இரண்டு குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அப்பா வயதுக்காரர்கள் 'ஆண்டே' என்பதை விட்டுவிட்டு 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்த வருஷம் அது. அந்த ஒரு சொல்லை மாற்ற அவர்கள் பட்ட பாடு உனக்குப் புரியாது. புரியாமல் இருந்தால் சந்தோஷம்.

ஆட்சி மாறியது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. பண்ணையாரின் துண்டிலும் புதிதாக ஒரு கரை வந்தது. அமைச்சரே நேரில் வந்து மனைப் பட்டா கொடுக்கப் போகிறார் என்று நோட்டீஸ் அடித்தார்கள். பகுத்தறிவு ஆட்சிதான், ஆனாலும் நிறைந்த அமாவாசையாகப் பார்த்து நாள் குறித்திருந்தார்கள். நோட்டீஸில் கொட்டை எழுத்தில், அலைகடலெனத் திரண்டு வாரீர் என்று போட்டிருந்தது. அலைகடல் அதை எப்படியோ படித்துவிட்டது. அமாவாசைக்கு முந்தைய பௌர்ணமியிலேயே தன் பிரதிநிதியை அனுப்பிவிட்டது.

கோடை அது. வயலில் பயிர் இல்லாததால் பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கியிருந்தோம். கடல் தண்ணீர் குட்டைக்குள் தன் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கடலேற்றம், நாங்கள் ஓதம் என்போம், அது ஏறி இறங்கிய அன்று விடிந்து பார்த்தால் மடையில் பலகை இறங்கியிருந்தது, குட்டைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கவிழ்த்த படகு மாதிரி ஒரு முதுகு எழுந்து, இரண்டு மூக்குத் துவாரம் ஜன்னல் திறப்பது போலத் திறந்து, புஸ் என்று மூச்சு விட்டு, மறுபடி மூடிக்கொண்டு இறங்கியது. குட்டிதான், ஆனாலும் நாலு ஆள் சேர்ந்தால்தான் தூக்கலாம். உதடு கீழ்நோக்கி மடிந்து, பரீட்சை முடிவைப் பார்த்த தலைமையாசிரியர் மாதிரி ஒரு முகம். பண்ணையார் வந்து பார்த்தார். மாரிமுத்து சாமர்த்தியமாகப் பலகையை இறக்கிப் பிடித்துவிட்டான் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அப்பா பலகைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமாங்க ஐயா, நான்தான்" என்றார்.

எங்கள் வாத்தியார் பாடப் புத்தகத்தைப் பார்த்து இது கடல் பசு என்று சொன்னார். தப்பு அங்கேதான் தொடங்கியது. பசு என்ற சொல் காதில் விழுந்ததும் ஊரில் பாதிப் பேர் கயிறு தேடினார்கள். மீதிப் பேர் தீனி தேடினார்கள். வைக்கோல் வந்தது, அகத்திக்கீரை வந்தது, வரப்பில் அறுத்த அருகம்புல் வந்தது. என் அம்மா உட்பட எல்லா வீட்டுப் பெண்களும் மாட்டுக்கு வைக்கும் கழனித் தண்ணீரையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் கரைத்துக் குடம் குடமாகக் குட்டையில் ஊற்றினார்கள். அவ்வளவும் அன்பு. மூன்றாம் நாள் அந்த அன்பு புளித்து நாறியது. மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் பசும்பாலை ஊற்றி அதன் வாயில் வைத்துப் பார்த்தார் ஒருவர்; அது அவரை மரியாதையாகத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. நெற்றி எது என்று தெரியாமல் ஒரு கிழவர் மூக்குக்கு மேலே குங்குமம் வைத்தார். நெல் விளைவிக்கிற ஊர் இது. எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மிருகம் மாடு. அதனால் அதையும் மாடாகவே ஆக்கிவிடப் பார்த்தோம்.

நாலாம் நாள் மீன் கூடையோடு அஞ்சலை வந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீனைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகிறவள். குட்டையைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாள். நான் வாத்தியாராகி, இது கடல் பசு அக்கா, வைக்கோல் தின்ன மாட்டேன் என்கிறது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆவுளியான்னு பேருடா இதுக்கு. நீங்க பேரை மாத்தி வச்சா அதுக்குப் பல்லு மாறிடுமா? கடலடியில மொளைக்கிற புல்லைத் தின்னுற சாதி. அதுவும் இது இன்னும் தாய்ப்பாலு மறக்காத குட்டி."

இவளுடைய ஆட்கள் கடலில் இதைக் கண்டால் வெட்டிக் கறி போடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். பக்கத்தில் நின்ற ஒருவர் அதைச் சொல்லிக் காட்டினார்: நாங்களாவது உயிரோடு வைத்திருக்கிறோம் என்று. அஞ்சலை மழுப்பவில்லை.

"வெட்டுவாங்கதான், நான் இல்லைங்கலை. தப்போ சரியோ, ஒரே வெட்டு. தாயையும் புள்ளையையும் நடுவுல ஒரு கதவைப் போட்டு நிக்க வச்சதில்லை."

அப்போதுதான் கை நீட்டிக் காட்டினாள். மடைக்கு வெளியே, கழியில், ஓதம் ஏறும் நேரம், குட்டியைப் போல மூன்று மடங்கு பெரிய முதுகு ஒன்று எழுந்து இறங்கியது. அது நேராக மடைக்கு வந்தது. பலகையில் மூக்கை வைத்து அழுத்தியது. அப்பாவின் மடையில் ஒருநாளும் ஒழுகாது. அன்று பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் அளவு சந்து இருந்தது. அந்தச் சந்தின் உள்பக்கம் குட்டி வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து சிட்டுக்குருவி மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். ஓதம் வடியும்வரை இரண்டும் அப்படியே நின்றன. தினமும் ஓதத்துக்கு ஓதம் வந்து நின்றது அந்தத் தாய். அஞ்சலை அடுத்த நாளிலிருந்து கூடையின் அடியில் கடல்புல் கொண்டுவந்து போட்டாள். குட்டி பேருக்கு மேய்ந்தது.

நான் அங்கேயே கிடந்தேன், மகனே. பள்ளிக்கூடம் விடுமுறை. கரையில் குப்புறப் படுத்து, பலகையில் விரல் கணுவால் தட்டினால் அது வரும். வந்து அந்த மடிந்த உதட்டால் என் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கும். உதட்டில் துடைப்பக் குச்சி மாதிரி முரட்டு மயிர். என்னைத் தேடி அப்படி இதுவரை யாரும் வந்ததில்லை. அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை என்றால் நீ என்ன நினைப்பாய்? நாளைக்கும் தட்டினால் வர வேண்டும் என்றுதான் தோன்றியது. அதுவும் ஆசைதான், கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அது தப்பு என்று கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆயிற்று. ஏழெட்டு நாளில் குட்டி தட்டினாலும் வருவதை நிறுத்தியது. முதுகில் பச்சைப் பாசி படிந்தது. ஒரே பக்கமாக, ஒரே அளவு வட்டமாக, செக்குமாடு போலக் குட்டையைச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றும், மூச்சு விடும், சுற்றும். பார்க்க வந்தவர்கள் அது விளையாடுகிறது என்றார்கள்.

பண்ணையாருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. அமைச்சர் பட்டா கொடுத்து முடித்ததும் அவரைக் குட்டைக் கரைக்கு அழைத்துவந்து, கடல் பசுவுக்கு அவர் கையால் மாலை போட வைத்து, போட்டோ பிடிப்பது. குட்டியை அதுவரை பத்திரமாக வைத்திருந்தால் மாரிமுத்துவுக்குத்தான் முதல் பட்டா என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பட்டியல் தாசில்தார் கையில். தாசில்தார் பண்ணையார் வீட்டுச் சாப்பாட்டில். அப்பா ஒரு காலையில் அவர் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, அதோட அம்மா வெளியில் நிற்கிறது, குட்டிக்குத் தாங்காது, திறந்துவிட்டுவிடலாம் என்று கேட்டார்.

"நின்னா நிக்கட்டும். இங்கே அதுக்கு என்ன குறை, மாரிமுத்து? தண்ணி இருக்கு, தீனி இருக்கு, பாத்துக்க ஆள் இருக்கு. வெளியே போனா எவனாவது வெட்டித் தின்னுடுவான்."

எனக்கு அந்த வாக்கியம் பழக்கமான வாக்கியமாக இருந்தது. முந்தின வருஷம் எங்கள் தெருக்காரர்கள் மனைப் பட்டா வேண்டும் என்று போய் நின்றபோது அவர் சொன்னது: இங்கே உங்களுக்கு என்ன குறை, குடிசை இருக்கு, கூலி இருக்கு, பாத்துக்க நான் இருக்கேன், வெளியே போனா எவன் சீந்துவான். ஆள் மாறியிருந்தது, வாக்கியம் மாறவில்லை. அப்பாவுக்கும் அது நினைவுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது.  வழக்கமான சரிங்க ஐயாவை அவர் சொல்லவில்லை. திரும்பி நடந்தார், நடக்கும்போது, பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அமாவாசை வந்தது. இனி வருவது என் வீரம். படிப்பகத்தில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நண்பகல். ஊர் முழுக்கப் பந்தலில். அமைச்சர் மேடையில். கூட்டம் கைதட்டிய சத்தத்தில் நான் நழுவினேன். வரப்பு வழியே ஓடி மடைக்குப் போனேன். ஓதம் முழுதாக ஏறி நின்றது. ஊறிப்போன பலகைகளை ஒற்றை ஆளாக, இடுப்பளவு தண்ணீரில், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக் கரையில் எறிந்தேன். வழி திறந்துவிட்டது. ஆனால் குட்டி போகவில்லை. தன் வட்டத்தையே சுற்றியது. திறந்த வழியின் முன்னால் வந்தது, பலகை இன்னும் அங்கே இருப்பது போல அதே இடத்தில் திரும்பியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வெளியே பெரிய மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. குட்டி நின்றது. அதன் வட்டம் அறுந்தது. பிறகு போய்விட்டது. பின்னால் பண்ணையார் கேட்டபோது என்னைக் காப்பாற்ற அப்பா முன்னால் வந்து "நான்தான்" என்றார். இதுதான் நான் சொல்லிவரும் கதை.

அமைச்சர் மாலையோடு வந்து கலங்கிய தண்ணீரைப் பார்த்தார். பசு மேயப் போயிருக்கும் என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். பண்ணையார் சிரிக்கவில்லை. பட்டியலில் எல்லோர் பெயரும் இருந்தது, மாரிமுத்து பெயர் இல்லை. மனைப் பட்டா என்றார்கள், எங்கள் வீட்டுக்கு வந்தது பட்டை நாமம். மடையும் வேறு ஆளுக்குப் போனது. இரண்டாம் வாரம் அப்பா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் புறப்பட்டார். நானும் அம்மாவும் இப்போது மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் இருக்கிறோம். அப்பாவிடமிருந்து இதுவரை ஒரே ஒரு தபால் கார்டு. அவருக்கு எழுதத் தெரியாது, யாரையோ எழுதச் சொல்லியிருக்கிறார். நலம், நலமறிய ஆவல், வெயில் அதிகம், படிக்கவும். அழகான கையெழுத்து. அதில் அப்பா இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முகவரிப் பக்கத்தில்கூட இல்லை.

ஒரு அப்பா மகனுக்குக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று அதன்பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. வருகிற கடிதம் வராததால், போகிற கடிதத்தை எழுதிப் பார்க்கிறேன். நீ அவசரப்பட்டுப் பிறந்து பதில் போட வேண்டாம். எனக்குக் கேட்க ஆசையாக இருந்ததை உனக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

படிப்பகத்துக்கு வந்த வாரப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். வெளிநாட்டில் ஒரு பெரிய தொட்டி, சுற்றி ஆயிரம் பேர், நடுவே ஒரு டால்பின் வளையத்துக்குள் தாண்டுகிறது. மகிழ்ச்சியில் துள்ளும் காட்சி என்று கீழே போட்டிருந்தது. அஞ்சலையிடம் காட்டினேன். அவள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஓங்கல், எங்கள் படகுக்கு முன்னால் தினமும் ஓடுகிற சாதி, சிரிக்கவில்லை, அதன் வாய் அப்படித்தான், செத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்றாள். உன் காலத்தில் அந்தத் தொட்டிகள் நம் பக்கமும் வரலாம். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, டிக்கெட். உன் பிள்ளை போகலாம் என்று அழும். கூட்டிப் போகாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பதினைந்து நாள் இலவசமாகப் பார்த்தவன். உள்ளே நன்றாகத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரும் குடம் குடமாக ஊற்றியது. அங்கே உனக்கு விளக்கம் சொல்கிற ஆள், இங்கே இதுக்கு என்ன குறை என்று ஆரம்பித்தால், நீ கொஞ்ச நேரம் அந்தப் பிராணி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று மட்டும் பார். ஒரே பக்கமாகவே சுற்றினால் பலகைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கேள். பதில் வராது. கேட்டுவிட்டு வா.

அஞ்சலை போன வாரம்கூட வந்தாள். கழிக்கு வெளியே பெரிதும் சின்னதுமாக இரண்டு முதுகு பார்த்தேன் என்றாள். எனக்காகச் சொல்கிறாளோ என்று சந்தேகம். தினமும் ஓத நேரத்துக்குக் கரையில் போய் நிற்கிறேன். புது ஆள் பலகையை ஏற்றித்தான் வைத்திருக்கிறார். கல்தூணில் விரலால் தட்டிப் பார்க்கிறேன். வரக் கூடாது என்றுதான் தட்டுகிறேன். வரவில்லை என்றதும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.

பக்கம் முடியப் போகிறது. பத்திரிகையின் ஆசிரியர் பக்கத்தில் நின்று, முடிடா, மற்றவன் எழுத வேண்டாமா என்கிறார். முடிக்கிறேன். இரண்டு திருத்தம் இருக்கிறது.

ஒன்று. அமாவாசை நண்பகலில் நான் மடையில் இல்லை. மேடையில் இருந்தேன். ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வரவேற்புக் கவிதை வாசிக்கப் பண்ணையார் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு, மைக்கைப் பிடித்து, கடல் தந்த பசுவுக்குக் காவல் தந்த கோமகனே என்று பண்ணையாரைப் பார்த்து நீட்டி முழக்கினேன். கைதட்டினார்களே, அது எனக்குத்தான். பந்தலின் நாலு பக்கமும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். ஒரு குழாய் மடைப் பக்கம் பார்த்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒற்றை ஆளாகப் பலகையை ஏற்றிய மனிதர் என் கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டிருக்கிறார். குட்டி மூன்று முறை சுற்றியதை அவர் அம்மாவிடம் சொன்னார், அம்மா என்னிடம் சொன்னாள்.

இரண்டு. பௌர்ணமி விடிகாலையில் பலகையை இறக்கியது அப்பா இல்லை. ஓதம் வடியும் முன்னால் மடையை மூடினால் மடவை மீன் குட்டைக்குள் மாட்டிக்கொள்ளும், யாரும் எழுவதற்குள் அள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான். அரையிருட்டில் கைக்கு வந்த வரிசையில் இறக்கினேன். கடைசிப் பலகையை மிதித்து அமுக்கிய பிறகுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அப்போதே ஏற்றியிருக்கலாம். பயத்தில் ஓடிப்போய்ப் பாயில் படுத்துத் தூங்குவது மாதிரி நடித்தேன். விடிந்ததும் பண்ணையார் அப்பாவைப் பாராட்டினார். பாராட்டுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புறப்பட்ட அன்று பஸ் நிற்கிற இடத்தில் அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று அன்றும் கரி மீசை வரைந்துகொண்டு போயிருந்தேன். கவிதை குழாயில் கேட்டது என்றார். நல்லா வாசிச்சே என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. பஸ் வந்தது. எழுந்து, கட்டை விரலால் என் மேலுதட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்துவிட்டார். விரலை வேட்டியில் தடவிக்கொண்டு படியில் ஏறினார். ஏறி நின்றுதான் சொன்னார்.

"மூணு வெட்டுப் பலகை மேலதான் வரணும்டா. நடுவுல போட்டா ஒழுகும்."

 பஸ் போய்விட்டது.

ஆரம்பத்தில் அறிவித்த மீசையில் இடது பக்கம் மட்டும்தான் முளைத்தது. வலது பக்கம் இன்னும் கரிதான். அது முளைப்பதற்குள் உன் தாத்தா வந்துவிட்டால் நன்றாக இருக்கும். துடைக்க ஆள் வேண்டாமா.

இப்படிக்கு,
உன் அப்பா, ஆனால் இப்போதைக்கு மாரிமுத்து மகன்